வண்டியை விடுவதா, ஓட்டுவதா?

மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்வோம். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கணவர் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பவர். மனைவியும் கூடவே தேய்ப்பு வேலை செய்கிறார். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

ஆனி மாதம். நல்ல மழை. கணவரோடு வேலை செய்யும் ஒருவர் பாலத்தில் வண்டி வழுக்கி விழுந்துவிட்டார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஏங்க, நம்ம வண்டியை வித்துடுங்க. பஸ்ஸில போயிக்கலாம்" என்றார் மனைவி.

"வித்துட்டா துணி மூட்டையை எப்படிக் கொண்டு போறது? சோறு யாரு போடுவா?" என்றார் கணவர்.

மனைவி சொன்னதும் சரிதான். கணவர் சொன்னதும் சரிதான். அப்படியானால் இந்த வீடு என்ன செய்ய வேண்டும்?

இப்படிப்பட்ட பேச்சு எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. கொஞ்ச நேரம் சத்தம் போடுகிறார்கள். பிறகு மறந்துவிடுகிறார்கள். மறுநாள் வண்டி பழையபடியே ஓடுகிறது. கோபத்தில் முடிவு எடுக்கக் கூடாது. பயத்திலும் எடுக்கக் கூடாது. உட்கார்ந்து கணக்குப் பார்த்து எடுக்க வேண்டும். அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

வண்டி ஏன் தேவைப்படுகிறது?

கொச்சியில் துணி வெளுக்கும் தமிழர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடைகளை வெளுக்க இவர்களின் முன்னோரை அழைத்து வந்தார்கள் என்று சொல்வார்கள். மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற இடத்தில் தோபிகானா இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1976-இல் கட்டப்பட்டது. அங்கே துவைத்துத் தேய்த்த துணிகள் ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் போகின்றன.

முன்பு மூட்டையைத் தலையில் சுமந்தார்கள். பிறகு சைக்கிளில் கட்டினார்கள். இன்று பலர் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்குச் சாலை வழியாகச் சுமார் 10 கிலோமீட்டர். தோப்பும்படி வந்து, பாலம் ஏறி, வில்லிங்டன் தீவைக் கடந்து, இன்னொரு பாலம் ஏறிப் போக வேண்டும். மூட்டையோடு நெரிசலான பஸ்ஸில் ஏறுவது கடினம்.

துணிக்காரர் மட்டுமல்ல. பஜார் சாலையில் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கடைகளில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். மீன் விற்பவர்கள், கொத்தனார்கள், மின்வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு வண்டி விளையாட்டுப் பொருள் அல்ல. அது தொழில் கருவி. ஆகவே "வண்டியே வேண்டாம்" என்று சொல்வது எளிது. செய்வது எளிது அல்ல.

ஆபத்து எவ்வளவு?

2022-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் சாலை விபத்துக் கணக்கைப் பார்ப்போம். அந்த ஒரே ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். அதாவது 100 பேர் இறந்தால் 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். கேரளத்தில் மட்டும் அந்த ஆண்டு சாலையில் 4,317 பேர் இறந்தார்கள்.

இன்னொரு எண்ணும் அதில் இருக்கிறது. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அவர்கள் வண்டி ஓட்டவில்லை. கைப்பிடி அவர்கள் கையில் இல்லை. ஆனாலும் உயிர் போயிற்று.

மோட்டார் சைக்கிளில் ஏன் இவ்வளவு ஆபத்து? காரில் போகிறவரைச் சுற்றித் தகடு இருக்கிறது. பெல்ட் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர் ஒரு பெரிய வண்டிக்குள் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அவருடைய உடம்புதான் தகடு. இரண்டு சக்கரம் என்பதால் கொஞ்சம் மணல், கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் வண்டி சாய்ந்துவிடும்.

வேகத்தையும் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடியில் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். குறுக்கே ஓர் ஆடு வருகிறது. கண் பார்த்து, மனம் புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்கவே சுமார் ஒரு நொடி ஆகும். அதற்குள் 11 மீட்டர் போய்விட்டது. அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் அது இன்னும் கூடும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், நிற்கும் லாரியில் மோதுவது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அது இரண்டு மாடி உயரம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 14 மீட்டர். அது நான்கு மாடிக்கும் மேல். நான்கு மாடிக் கட்டடத்தின் விளிம்பில் நிற்கச் சொன்னால் யாரும் பயப்படுவார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தப் பயம் வருவதில்லை. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. வேகத்தின் ஆபத்து அப்படித் தெரிவதில்லை.

"எனக்கு ஒன்றும் ஆகாது"

பலர் சொல்வது இது: "இருபது வருஷமா ஓட்டுறேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லை." இது உண்மையாகவே இருக்கலாம். ஒரு தடவை போய் வருவதில் ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் அவர் ஒரு தடவை போகவில்லை. வாரம் 12 தடவை வண்டி எடுத்தால் வருஷத்துக்கு 600 தடவைக்கு மேல். இருபது வருஷத்தில் 12,000 தடவைக்கு மேல். சிறு துளிகள் சேர்ந்து குடம் நிறைவது போல, சிறு ஆபத்துகளும் சேர்கின்றன. நேற்று விழவில்லை என்பது இன்றைக்குக் காவல் ஆகாது.

"நான் நன்றாக ஓட்டுவேன்" என்றும் சொல்வார்கள். நன்றாக ஓட்டுவது அவசியம்தான். ஆனால் சாலையில் அவர் மட்டும் இல்லை.

டி. இ. லாரன்ஸ் என்பவர் இங்கிலாந்தில் புகழ்பெற்ற படை அதிகாரி, எழுத்தாளர். மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர். 1935 மே 13-ஆம் தேதி ஒரு கிராமத்துச் சாலையில் போய்க்கொண்டிருந்தார். சாலையில் சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. ஆறு நாள் கழித்து இறந்தார். வயது 46.

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். மூளை அறுவை மருத்துவர். லாரன்சின் சாவு அவர் மனதை உறுத்தியது. மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தார். தலைக்கவசம் போட்டால் பல உயிர்களைக் காக்கலாம் என்று 1941-இல் எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயம் ஆக்கியது. 1973-இல் அந்த நாட்டில் எல்லாருக்கும் அது கட்டாயம் ஆயிற்று.

ஹெல்மெட் எப்படிக் காக்கிறது?

தலை ஓர் இளநீர் போன்றது. வெளியே ஓடு. உள்ளே மென்மையான மூளை. விழும்போது தலை சட்டென்று நின்றுவிடுகிறது. உள்ளே மூளை நிற்பதில்லை. அது ஓட்டில் போய் மோதுகிறது. வெளியே காயமே இல்லாமல் உள்ளே ரத்தம் கசிவது இதனால்தான்.

ஹெல்மெட்டின் மேல் ஓடு உரசலையும் குத்தலையும் தடுக்கிறது. உள்ளே தெர்மோகோல் போன்ற ஒரு மெத்தை இருக்கிறது. அடி படும்போது அது நசுங்குகிறது. அது நசுங்கும் நேரத்தில் தலை மெதுவாக நிற்கிறது. மூளைக்குப் போகும் அடி குறைகிறது. ஒரு முறை நசுங்கிய மெத்தை மறுபடி உப்பாது. ஆகவே ஒரு விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் மாற்ற வேண்டும்.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை மருத்துவ அறிஞர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்டால் சாவு ஆபத்து 100-க்கு 42 பங்கு குறைகிறது. தலைக்காயம் 100-க்கு 69 பங்கு குறைகிறது. முழுவதும் போய்விடுவதில்லை. ஆனால் பெரும் பங்கு குறைகிறது.

வியட்நாமில் மோட்டார் சைக்கிள்தான் மக்களின் முக்கிய வண்டி. அங்கே 2007 டிசம்பரில் ஹெல்மெட்டைக் கட்டாயம் ஆக்கினார்கள். சில மாதங்களில் 10 பேரில் 9 பேர் போடத் தொடங்கினார்கள். தலைக்காயமும் சாவும் குறைந்தன. மக்கள் வண்டியை விடவில்லை. ஓட்டும் விதத்தை மாற்றினார்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் அது தேவை. கேரளத்தில் பின்னால் இருப்பவர் விஷயத்தில் 2019 டிசம்பர் முதல் இதைக் கண்டிப்பாக்கினார்கள். 2023 ஜூன் முதல் சாலையில் உள்ள கேமராக்கள் படம் பிடித்து அபராதம் போடுகின்றன. சிலர் கேமரா உள்ள இடத்தில் மட்டும் ஹெல்மெட் போடுகிறார்கள். சிலர் வாரைக் கட்டாமல் போடுகிறார்கள். வார் கட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் பறந்துவிடும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பயணத்தைப் பிரித்துப் பாருங்கள்

"வண்டியை விடுவதா, ஓட்டுவதா?" என்பது ஒரே கேள்வி போலத் தோன்றுகிறது. அது ஒரே கேள்வி அல்ல. ஒவ்வொரு பயணமும் ஒரு தனிக் கேள்வி. அந்த வீட்டில் கணவனும் மனைவியும் ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும்?

முதல் பயணம்: வாரம் மூன்று நாள் எர்ணாகுளம் ஓட்டலுக்குத் துணி கொண்டு போவது. இது பிழைப்பு. விட முடியாது. ஆனால் மாற்றலாம். நெரிசல் தொடங்கும் முன் விடியலிலேயே போகலாம். மூட்டையைச் சிறிதாகக் கட்டலாம். பெரிய மூட்டை கண்ணாடியை மறைக்கும். வளைவில் வண்டியைச் சாய்க்கும். கொட்டும் மழை நாளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். அந்த வாடகை செலவுதான். ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தால் அது சிறிய செலவு.

இரண்டாம் பயணம்: தினமும் தோபிகானாவுக்குப் போவது. தூரம் குறைவு. அதற்குச் சைக்கிள் போதும்.

மூன்றாம் பயணம்: மனைவியோடு எர்ணாகுளம் கடைக்கும் டாக்டரிடமும் போவது. மூட்டை இல்லை. அவசரம் இல்லை. இதற்குப் பஸ் இருக்கிறது. நீர் மெட்ரோ படகும் இருக்கிறது. கொச்சி நீர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. 2024-இல் ஃபோர்ட் கொச்சிக்கும், 2025-இல் மட்டாஞ்சேரிக்கும் வந்தது. படகில் போனால் பாலத்து நெரிசல் இல்லை.

நான்காம் பயணம்: வருஷத்துக்கு ஒரு முறை தமிழ்நாட்டில் சொந்த ஊர்த் திருவிழாவுக்கு இரவோடு இரவாக வண்டியிலேயே போவது. நீண்ட தூரம். தூக்கம். எதிரே லாரி விளக்கு. இதை அடித்துவிட வேண்டியதுதான். எர்ணாகுளத்தில் ரயில் ஏறலாம்.

ஐந்தாம் பயணம்: கல்யாண வீட்டில் "கொஞ்சம்" குடித்துவிட்டு, "பக்கத்துலதானே" என்று ஓட்டி வருவது. இதற்குக் கணக்கே தேவையில்லை. வண்டியை அங்கேயே வைத்துவிட்டு நடந்து வரலாம். காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

தாளைப் பார்த்தால் என்ன தெரிகிறது? வண்டி விற்கப்படவில்லை. தொழில் நிற்கவில்லை. ஆனால் வாரத்தில் வண்டி எடுக்கும் தடவைகள் பெரிதும் குறைந்துவிட்டன. மிகவும் ஆபத்தான இரண்டு பயணங்கள் அடியோடு போய்விட்டன.

மழைக்கு என்ன செய்வது?

கொச்சியில் ஜூன் தொடங்கினால் மழைதான். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு சேர்ந்து வழுக்கும். அந்த நேரத்தில் ஒரு கடை ஓரம் ஒதுங்கி நிற்பது நல்லது. நீர் நிறைந்த குழியின் ஆழம் மேலே தெரியாது. சாலையில் போட்ட வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் ஈரத்தில் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது. தேய்ந்த டயர் ஈரத்தில் பிடிக்காது. மழைக்காலத்துக்கு முன்பே டயரையும் பிரேக்கையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஓடும் வண்டியில் குடை பிடிக்கக் கூடாது. காற்று குடையை இழுக்கும். ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். அவை சக்கரத்தில் சிக்கி உயிர் போனதுண்டு.

யார் ஓட்டவே கூடாது?

சிலருக்கு மட்டும் பதில் "விட்டுவிடுங்கள்" என்பதுதான். வலிப்பு வருபவர், கண் சரியாகத் தெரியாதவர், தூக்கம் வரவழைக்கும் மருந்து சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் வண்டி எடுக்கக் கூடாது.

பத்தாம் வகுப்பு மகன் சாவியை எடுக்கக் கூடாது. "தெருமுனை வரைக்கும்தானே" என்று பெற்றோரே கொடுப்பது உண்டு. 2019-இல் திருத்திய சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. அபராதம் கட்டிவிடலாம். பிள்ளை போனால் திரும்ப வராது.

தாள்களைப் படியுங்கள்

எர்ணாகுளம் 1990-இல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆயிற்று. கற்ற எழுத்து எங்கே உதவும்? வண்டித் தாள்களைப் படிக்க உதவும்.

இன்சூரன்ஸ் தாளை எடுங்கள். முடியும் தேதியைப் பாருங்கள். புது வண்டிக்கு முதலில் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுகிறோம். அதன் பிறகு பலர் மறந்துவிடுகிறார்கள். "மூன்றாம் நபர்" காப்பீடு என்பது, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கு. அது ஓட்டுபவரின் சொந்தக் காயத்துக்குப் பணம் தராது. அதற்கு உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்க வேண்டும். அதன் தொகை 15 லட்சம் ரூபாய். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது. லைசென்சும் இருக்க வேண்டும். வண்டி அண்ணன் பெயரில் இருந்து தம்பி ஓட்டினால் தம்பிக்கு அது கிடைக்காது. பின்னால் உட்காருபவருக்குக் காப்பீடு உண்டா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விபத்தைப் பார்த்தால்

108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும். அடிபட்டவருக்கு நினைவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். உதவி செய்பவரைப் போலீசோ ஆஸ்பத்திரியோ தொந்தரவு செய்யக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-இல் சொன்னது. 2019-இல் அது சட்டத்திலும் சேர்ந்தது. பயப்படாமல் உதவலாம்.

யார் முடிவு எடுப்பது?

ஓட்டுபவர் ஒருவர். ஆனால் விழுந்தால் பாதிப்பு எல்லாருக்கும். மகன் படிப்பு நிற்கும். மனைவி ஒற்றை ஆளாக நின்று தேய்க்க வேண்டும். கடன் ஏறும். ஆகவே இது ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவு அல்ல. வீட்டார் கூடி எடுக்க வேண்டிய முடிவு.

அந்த வீட்டில் காலண்டர் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே இரண்டு வரி சேர்க்கிறார்கள். "இரண்டாவது ஹெல்மெட் வாங்க வேண்டும்." "மழை அதிகமானால், போக வேண்டாம் என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்க வேண்டும்." கணவர் கையெழுத்துப் போடுகிறார். மனைவியும் போடுகிறார்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணி. மழை இல்லை. மூட்டை சிறியதாகக் கட்டியிருக்கிறது. கணவர் வாரை இறுக்கிக் கட்டுகிறார். மனைவி ஒரு விரலை வாருக்குள் விட்டுப் பார்க்கிறார். சரியாக இருக்கிறது. வண்டி கிளம்புகிறது.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை தடவை வண்டி எடுக்கிறீர்கள்? எழுதிப் பாருங்கள்.
2. அவற்றில் எவற்றை நடந்தோ, சைக்கிளிலோ, பஸ்ஸிலோ, படகிலோ போகலாம்?
3. உங்கள் வீட்டில் எத்தனை பேர் வண்டியில் போகிறார்கள்? எத்தனை ஹெல்மெட் இருக்கிறது?
4. உங்கள் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது? தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்.